எடிசன் ஸ்டாண்டர்டு ஃபோனோகிராஃப்: பெரிய ஹார்னின் பாரத்தை எது சுமக்க வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எடிசன் ஸ்டாண்டர்டு ஃபோனோகிராஃப் ஒன்று என் பராமரிப்புக்கு வந்திருக்கிறது. இரண்டு நிமிட உருளைகளை மட்டும் வாசிக்கும் பழைய மாதிரி. ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. ஒருமுறை சாவி கொடுத்தால் ஓர் உருளை முடியும்வரை சீராகச் சுற்றுகிறது. தோல் பெல்ட்டைப் புதிதாக மாற்றியாயிற்று. ஊசியும் சவ்வும் சேர்ந்த ஒலிக்கும் பகுதியான ரிப்ரொடியூசர், மாடல் சி. அதன் சபையர் ஊசியை உருப்பெருக்கியில் பார்த்தேன், உடைசல் இல்லை.

சிக்கல் ஹார்னில்தான். இயந்திரத்தோடு வந்தது பூவிதழ் வடிவப் பெரிய தகர ஹார்ன். அதைத் தொங்கவிடும் கிரேன் எங்கோ தொலைந்துவிட்டது. ஹார்னின் முதுகில் சிறு வளையம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இப்போதைக்குக் கேமரா முக்காலி ஒன்றை முன்னால் நிறுத்தி, ஏறத்தாழ 20 செ.மீ. கயிற்றில் ஹார்னைத் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் நிமிடம் பாட்டு அருமையாகக் கேட்கிறது. பாதியைத் தாண்டியதும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. ஹார்னைக் கழற்றிவிட்டு ஓட்டினால் கடைசிவரை தடங்கல் இல்லை. வேறு உருளைகளிலும் இதே கதை.

திருகு தேய்ந்துவிட்டதா, ஹார்ன்தான் காரணமா? கிரேன் செய்வதானால் எந்த வடிவில் செய்வது? பெட்டியில் துளை போட மனம் வரவில்லை.

மரைக்கடை எழுதியது:

ஹார்ன் இல்லாமல் ஓடுகிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்கு அந்த இயந்திரம் நகரும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

நான் லேத் பட்டறை வைத்திருப்பவன். லேத்தில் லீட் ஸ்க்ரூ சுற்றும்போது அதைக் கவ்வும் நட்டு கருவியை இழுத்துக்கொண்டு போகும். எடிசன் இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. உருளை மாட்டும் மாண்ட்ரலின் தண்டிலேயே ஒரு பகுதி திருகாக வெட்டப்பட்டிருக்கிறது: ஓர் அங்குலத்துக்கு 100 மரை. ரிப்ரொடியூசரைச் சுமக்கும் கை, பின்னால் இருக்கும் உருண்டைக் கம்பியில் வழுக்கி நகர்கிறது. அந்தக் கையிலிருந்து நீளும் தட்டையான ஸ்பிரிங் ஒன்றின் நுனியில் ஒரு பாதி நட்டு இருக்கிறது. அது திருகின் மேல் உட்கார்ந்து கையை நகர்த்திச் செல்கிறது.

இப்போது அளவைக் கவனியுங்கள். அங்குலத்துக்கு 100 மரை என்றால் மரைக்கு மரை கால் மில்லிமீட்டர்தான். மரையின் ஆழம் அதைவிடக் குறைவு. நட்டு திருகைச் சுற்றிக் கவ்வவில்லை. ஸ்பிரிங்கின் மெல்லிய அழுத்தத்தில் மேலே படிந்திருக்கிறது, அவ்வளவே. உருளையை மாற்றும்போது கையைத் தூக்கினால் நட்டு உடனே விலக வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் யாராவது இழுத்தால் நட்டின் பல் மரைச் சரிவில் ஏறி, முந்தைய மரையில் போய் விழும். ஊசியும் முந்தைய தடத்துக்குப் போகும். உங்களுக்குக் கேட்கும் அதே வரி அதுதான்.

நட்டைத் திருப்பி, பற்களை உருப்பெருக்கியில் பாருங்கள். கூர்மையாக இருந்தால் நல்லது. உச்சி மழுங்கித் தட்டையாகிவிட்டிருந்தால் சிறு இழுப்புக்கே ஏறிவிடும். திருகின் மரைகளுக்குள் நூறு வருட எண்ணெய் அரக்குபோல இறுகியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். ஊசியையோ கத்தியையோ மரைக்குள் விடாதீர்கள்.

நட்டு ஏறுகிறது என்பதற்காக ஸ்பிரிங்கை வளைத்து அழுத்தத்தைக் கூட்டும் வேலை மட்டும் வேண்டாம். பலர் செய்கிறார்கள். அன்றைக்குச் சிக்கல் தீர்ந்ததுபோல் இருக்கும். நட்டும் திருகும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிடும். நட்டைப் புதிதாக வாங்கலாம். திருகு போனால் மாண்ட்ரல் தண்டே போனதாக அர்த்தம்.

நாதக்குழல் எழுதியது:

மரைக்கடை ஐயா சொன்ன பக்கவாட்டு இழுப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். இந்தக் கணக்கு பள்ளி மாணவர்களே போடக்கூடியது.

உருளை நிமிடத்துக்கு 160 சுற்று சுற்றுகிறது. இரண்டு நிமிடத்தில் 320 சுற்று. ஒரு சுற்றுக்கு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு நகர்வு என்றால், பாட்டு முடியும்போது ரிப்ரொடியூசர் 3.2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 8 செ.மீ. பக்கவாட்டில் போயிருக்கும். ஹார்னின் குறுகிய முனை அதோடு இணைந்திருப்பதால் ஹார்னும் போக வேண்டும்.

கயிற்றில் தொங்கும் எடையை நேர்க்கோட்டிலிருந்து விலக்கினால் அது திரும்பி வர முயலும். விலகல் சிறிதாக இருக்கும்வரை அந்த விசை, எடையை விலகலால் பெருக்கிக் கயிற்றின் நீளத்தால் வகுத்த அளவு. கயிறு சுமக்கும் எடை ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். வைகைக்கரை, பாட்டின் தொடக்க இடத்துக்கு நேர் மேலே முக்காலியை நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். கயிறு 20 செ.மீ. கடைசியில் விலகல் 8 செ.மீ. திரும்ப இழுக்கும் விசை 400 கிராம் எடைக்குச் சமம். கால் மில்லிமீட்டர் மரையில் ஸ்பிரிங் நுனியில் உட்கார்ந்திருக்கும் நட்டுக்கு இது மிகப் பெரிய சுமை.

தொங்கும் புள்ளியை உருளையின் நடுப்பகுதிக்கு நேர் மேலே மாற்றுங்கள். அப்போது எந்தப் பக்கமும் அதிகபட்ச விலகல் 4 செ.மீ.தான். விசை 200 கிராமாகக் குறையும். கயிற்றை 40 செ.மீ. ஆக்குங்கள், 100 கிராம். பொருள் எதையும் மாற்றாமல் இடத்தையும் நீளத்தையும் மாற்றினாலே இழுப்பு நான்கில் ஒரு பங்காகிறது.

பாட்டின் முதல் பாதியில் ஹார்ன் நடுவை நோக்கித் தானாகவே போக விரும்பும். நட்டை முன்னே தள்ளும். இரண்டாம் பாதியில் பின்னே இழுக்கும். நட்டுக்கும் மரைக்கும் இடையே சற்று இடைவெளி இருந்தால் நடுவில் நட்டு ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு மாறும். அது பெரிய தீங்கு செய்வதில்லை. மாடல் சி ரிப்ரொடியூசரில் ஊசியைத் தாங்கும் மிதக்கும் எடை பக்கவாட்டிலும் சிறிது அசையும்படி இருக்கிறது. திருகு தோராயமாக வழி நடத்தும். மிச்ச நுணுக்கத்தை ஊசியே தடத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

சுழலுருளை எழுதியது:

எனக்கு மிகப் பிடித்த பொருளில் இழை தொடங்கியிருக்கிறீர்கள். உருளை இயந்திரங்களின் வரலாற்றை ஹார்னைத் தாங்கிய வரலாறாகவே படிக்கலாம் என்று நான் நம்புகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1877 டிசம்பரில் மென்லோ பார்க்கில் எடிசனின் ஆய்வகத்தில் அவருடைய இயந்திரக் கைவினைஞர் ஜான் க்ரூசி செய்துகொடுத்த முதல் ஃபோனோகிராஃபைப் பாருங்கள். பித்தளை உருளை, அதன் மேல் சுற்றிய வெள்ளீயத் தாள், கையால் சுற்றும் பிடி. அச்சுத்தண்டில் அங்குலத்துக்கு 10 மரை வெட்டப்பட்டிருந்தது. தண்டு மரையுள்ள தாங்கி ஒன்றின் வழியாகச் சென்றது. பிடியைச் சுற்றினால் உருளை சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நகரும். பேசும் வாயும் சவ்வும் ஊசியும் நின்ற இடத்தில் நிற்கும். பதிவுதான் நகர்ந்தது, ஒலிக்கும் பகுதி அசையவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அமைப்புக்கு ஒரு விலை உண்டு. உருளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டுமானால் இயந்திரம் உருளையைப் போல் இரு மடங்கு அகலம் வேண்டும். அடுத்து மெழுகு வந்தது. வாஷிங்டனில் வோல்டா ஆய்வகத்தில் சிசெஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெயின்டரும் மெழுகு பூசிய அட்டை உருளையில் செதுக்கினார்கள்; 1886-ல் காப்புரிமை பெற்றார்கள். 1888-ல் எடிசன் தம் மேம்படுத்திய மெழுகு இயந்திரத்தைக் காட்டினார். உருளையைக் கழற்றி மாட்டும் பண்டமாக ஆக்கியதும், உருளை ஒரே இடத்தில் சுற்ற, ஊசிப் பகுதி நகரும் அமைப்பு வசதியாகிவிட்டது. பெட்டியும் சிறிதாயிற்று.

அப்போது இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. காரணம், கேட்பதற்குப் பெரும்பாலும் ஹார்ன் இல்லை. காதில் செருகும் ரப்பர் குழாய்களில்தான் கேட்டார்கள். 1889 நவம்பர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவின் பலே ராயல் மதுக்கூடத்தில் லூயிஸ் கிளாஸ் காசு போட்டால் பாடும் இயந்திரத்தை வைத்தபோது அதிலும் காதுக் குழாய்கள்தாம் இருந்தன. ரப்பர் குழாய்க்கு எடையும் இல்லை, விறைப்பும் இல்லை. நகரும் ஊசிப் பகுதி அதைச் சிரமமின்றி இழுத்துச் சென்றது.

பிறகு ஃபோனோகிராஃப் வீட்டுக்கு வந்தது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். 1898-ல் வந்த ஸ்டாண்டர்டுக்கு 14 அங்குல ஹார்ன். கறுப்பு உடல், பித்தளை வாய். அதை ரிப்ரொடியூசரின் கழுத்திலேயே செருகிவிடலாம், தாங்கி தேவையில்லை. அந்த எடைக்காகவே அந்தக் கையும் நட்டும் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அந்த ஹார்னோடு ஒரு ஸ்டாண்டர்டை ஓடவிட்டுப் பாருங்கள். எங்கும் இழுபறி இருக்காது.

சிக்கல் அதற்குப் பின்தான். மக்களுக்கு இன்னும் உரக்க வேண்டும். எடிசன் நிறுவனம் தராததை மற்றவர்கள் தந்தார்கள். பிலடெல்பியாவின் ஹாதார்ன் அண்ட் ஷெபிள், நியூவார்க்கின் டீ ட்ரே கம்பெனி போன்றவர்கள் ஹார்னும் தாங்கியும் செய்து விற்றே தொழில் வளர்த்தார்கள். மேசைக் கிரேன், தரையில் நிற்கும் முக்காலி, 56 அங்குலப் பித்தளை ஹார்ன் என்று போயிற்று. சிறிய ஹார்னைச் சுமக்கச் செய்த கையின் முன்னால், அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரும் பாரம் தொங்கத் தொடங்கியது. 1907-ல் எடிசன் நிறுவனமும் பூ வடிவப் பெரிய ஹார்னையும் கிரேனையும் இயந்திரத்தோடேயே கொடுக்கத் தொடங்கியது. உங்கள் ஹார்ன் இந்தக் காலத்து வழக்கத்தைச் சேர்ந்தது.

1909 வாக்கில் சிக்னெட் ஹார்ன் வந்தது. அன்னத்தின் கழுத்துபோல ரிப்ரொடியூசரிலிருந்து மேலே எழும்பி வளைந்து, இயந்திரத்தின் தலைக்கு மேல் கேட்பவரைப் பார்த்துத் திறக்கும். ஹார்னின் பாரம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காமல் இயந்திரத்துக்கு மேலேயே வந்துவிட்டது. கிரேன் பெட்டியின் பின்பக்கம் போயிற்று. அழகான வடிவமைப்பு. ஆனால் அப்போதும் ஹார்ன் பாட்டோடு சேர்ந்து நகரத்தான் செய்தது.

இப்போது முடிவைப் பாருங்கள். 1909-ல் ஹார்னைப் பெட்டிக்குள் வைத்து வந்த முதல் அம்பெரோலாவிலும், 1911-ல் வந்த ஆப்பெரா மாதிரியிலும் எடிசன் நிறுவனம் ரிப்ரொடியூசரை அசையாமல் நிறுத்திவிட்டு, மாண்ட்ரலை நகரவிட்டது. ஆப்பெராவின் மர ஹார்ன் ரிப்ரொடியூசருக்கு மேல் தானே நிற்கிறது. கிரேனும் இல்லை, சங்கிலியும் இல்லை. 1877-ல் க்ரூசியின் மேசையில் இருந்த ஏற்பாடு, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சுற்றி, அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆப்பெராவை விடச் சிறந்த வெளி ஹார்ன் உருளை இயந்திரம் செய்யப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து.

பழந்தட்டு எழுதியது:

சுழலுருளை அண்ணா, உங்கள் பதிவை ரசித்துப் படித்தேன். ஆனால் முடிவோடு உடன்படவில்லை. முப்பது ஆண்டு சுற்றியதற்குக் காரணம், ஹார்னும் ஊசியும் ஒரே உடலாக இருக்க வேண்டும் என்று எடிசன் தரப்பு நினைத்ததுதான். தட்டு இயந்திரத்தில் விக்டர் நிறுவனத்தின் எல்ட்ரிட்ஜ் ஜான்சன் அந்த முடிச்சை நேராக அவிழ்த்தார்.

எமில் பெர்லினரின் தட்டு இயந்திரத்தில் திருகே கிடையாது. தடத்தின் சுவரே ஊசியை உள்நோக்கி இழுத்துச் செல்லும். தொடக்க கால கிராமபோனில் ஹார்னின் நுனியில் ஊசியும் சவ்வும் கொண்ட சவுண்ட் பாக்ஸ் இருக்கும். ஹார்ன் முன்னால் நீளும் கை ஒன்றின் மேல் சுழலும். பிரான்சிஸ் பாரோ வரைந்த நாய்ப் படத்தில் இருப்பது அந்த இயந்திரம்தான். அதில் ஹார்ன் முழுவதையும் தட்டின் தடம்தான் அசைத்தாக வேண்டும். தட்டு எவ்வளவு தேயும் என்று சொல்லத் தேவையில்லை. இந்த நிலையில் உருளை இயந்திரமே மேல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1902, 1903 ஆண்டுகளில் விக்டரில் நடந்தது என்ன? ஹார்னைப் பெட்டியின் பின்னால் இரும்புத் தாங்கியில் நிரந்தரமாக உட்காரவைத்தார்கள். அதன் அடியில் மூட்டு போட்டு, உள்ளே துளையுள்ள கை ஒன்றைப் பொருத்தினார்கள். அசைவது கையும் சவுண்ட் பாக்ஸும் மட்டும். முதலில் வந்த கை ஒரே அகலக் குழாய். அடுத்து 1903-ல் வந்தது ஊசிப் பக்கம் ஒடுங்கி ஹார்ன் பக்கம் விரியும் கை. ஹார்னின் முதல் அடி அந்தக் கையிலேயே தொடங்கிவிடுகிறது. ஹார்ன் எத்தனை கிலோ இருந்தாலும் தடத்துக்குத் தெரியாது. பிறகு ஹார்னைப் பெட்டிக்குள்ளேயே கவிழ்த்துவைக்க முடிந்ததும் இதனால்தான்: 1906-ல் 200 டாலருக்கு வந்த விக்ட்ரோலா. இந்தியாவில் நம் தாத்தா பாட்டிகள் கேட்டதும் இந்த வழியில் வந்த தட்டு இயந்திரங்களைத்தான். கல்கத்தாவில் ஹேமேந்திரமோகன் போஸ் உருளைகளைப் பதிவுசெய்து விற்றார் என்றாலும், நிலைத்தது தட்டுதான்.

சுழலுருளை எழுதியது:

தம்பி, ஜான்சனின் கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வணிகத்தில் வென்றது அதுதான். ஆனால் அந்த மூட்டுக்காக விட்டுக்கொடுத்தவற்றையும் சொல்லுங்கள்.

ஒன்று, கை ஒரு முனையில் சுழல்வதால் ஊசி வில்போல வளைந்து செல்கிறது. தடம் வெட்டப்பட்ட கோணமும் வாசிக்கும் கோணமும் ஓரிரு இடங்களில்தான் ஒன்றும். திருகில் நகரும் ரிப்ரொடியூசர் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே கோணத்தில் நிற்கிறது. இரண்டு, உருளையில் ஊசிக்கு அடியில் ஓடும் வேகம் மாறுவதே இல்லை. நொடிக்குச் சுமார் 46 செ.மீ. 10 அங்குலத் தட்டில் வெளி விளிம்பில் நொடிக்கு ஒரு மீட்டரை நெருங்கித் தொடங்கி, உள்ளே போகும்போது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தட்டின் கடைசி அங்குலத்தில் பாட்டு மங்குவதை நீங்களே கேட்டிருப்பீர்கள். மூன்று, மூட்டு என்றாலே இடைவெளி. அசையும் அளவுக்குத் தளர்வாகவும் காற்று கசியாத அளவுக்கு இறுக்கமாகவும் ஒரு மூட்டைச் செய்வது எளிதல்ல.

1912-ல் விற்பனைக்கு வந்த எடிசன் டைமண்ட் டிஸ்க் இயந்திரத்தை இதற்காகவே பார்க்க வேண்டும். அது தட்டு இயந்திரம்தான். ஆனால் அதிலும் எடிசன் ஊசிக்கும் ஹார்னுக்கும் இடையே மூட்டு வைக்கவில்லை. பெட்டிக்குள் இருக்கும் உலோக ஹார்ன் முழுவதையும் ஒரு முளையில் சுழலவிட்டு, தட்டின் அடியிலிருந்து பல்சக்கரம் மூலம் நகர்த்தினார். அங்குலத்துக்கு 150 தடம். ஹார்னின் பாரத்தை முளை சுமக்கிறது, நகர்த்தும் வேலையை மோட்டார் செய்கிறது, தடத்தின் தலையில் எதையும் ஏற்றவில்லை. மூடியைத் திறந்து, பாட்டு ஓடும்போது அந்த முழு அமைப்பும் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பழந்தட்டு எழுதியது:

கோணத்தையும் வேகத்தையும் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மூட்டை ஏற்கவில்லை. நன்கு செய்த விக்டர் மூட்டில் கசிவு காதுக்குத் தெரியாது. மேலும், டைமண்ட் டிஸ்க் இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கும் ஒரு விக்டரைப் பழுது பார்ப்பதற்கும் இடையில் எத்தனை வேறுபாடு! கிராமத்துத் தச்சரும் கடிகாரம் பழுது பார்ப்பவரும் சேர்ந்தே ஒரு விக்டரைப் பாட வைத்துவிடுவார்கள். நூறு வருடம் கழித்து வேலை செய்ய வேண்டிய பொருளுக்கு அதுவும் ஒரு தகுதிதான்.

நாதக்குழல் எழுதியது:

இருவரும் தொடாத ஒரு கேள்வி: எதற்காக அவ்வளவு பெரிய ஹார்ன்? அழகுக்காக மட்டுமா?

இல்லை. சவ்வு மிகச் சிறியது. காற்றைத் தள்ள முடியாமல் வெறுமனே அசையும். ஹார்ன் அந்தச் சிறு பரப்பை அறையின் காற்றோடு படிப்படியாக இணைக்கிறது. வாய் சிறியதாக இருந்தால் தாழ்ந்த சுரங்களின் நீண்ட அலைகள் வெளியே வராமல் வாயிலேயே திரும்பிவிடும். 14 அங்குல ஹார்னில் பேச்சும் கார்னெட்டும் தெளிவாக இருக்கும், ஆண் குரலின் அடிப்பகுதி காணாமல் போகும். பூ ஹார்னின் அகன்ற வாய் அந்த வரம்பைக் கீழே இறக்குகிறது. விரிவு எந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை பெல் ஆய்வகத்தின் மேக்ஸ்ஃபீல்டும் ஹாரிசனும் முறைப்படி வகுத்து, 1925-ல் ஆர்த்தோஃபோனிக் விக்ட்ரோலாவில் அதைக் காட்டியது பின்னாளில். முந்தைய தகரக் கைவினைஞர்கள் காதை நம்பியே வேலை செய்தார்கள். பெரிய ஹார்ன் நல்லது என்பதில் அவர்கள் கணிப்பு சரியாகவே இருந்தது. ஆகவே, வைகைக்கரை, சிறிய ஹார்னுக்கு மாறிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. ஹார்னையும் ரிப்ரொடியூசரையும் இணைக்கும் ரப்பர் குழாய்த் துண்டு மிருதுவாக இருக்க வேண்டும். பழைய ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும். அப்படியானால் ஹார்னின் ஒவ்வோர் ஆட்டமும் நேராகக் கைக்குப் போகும். இரண்டு உலோக முனைகளும் ரப்பருக்குள் ஒன்றையொன்று தொடாமல், ஆனால் நெருக்கமாக நிற்கட்டும். நடுவில் பெரிய இடைவெளி விட்டால் ஒலி அங்கே பாதி தொலையும்.

தகரக்கொட்டகை எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய பொருள் சந்தையில் எண்கோணப் பெட்டியும் பளபளக்கும் பித்தளை ஹார்னுமாக கிராமபோன்கள் கிடைக்கின்றன. அந்த ஹார்னை வாங்கி இதில் மாட்டலாமா?

பழந்தட்டு எழுதியது:

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் செய்து பழையதுபோல் காட்டப்படுபவை. தகடு மெல்லியது, முழங்கை மூட்டு ஆட்டம் கொடுக்கும், ஊசிப் பக்க விட்டமும் ஒத்துவராது. வைகைக்கரையிடம் இருப்பது அவற்றைவிடப் பல மடங்கு மேலானது.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாதக்குழல் ஐயாவின் ஊகம் சரி. முக்காலி தொடக்க இடத்துக்கு நேராகத்தான் இருந்தது. தொங்கும் புள்ளியை நடுவுக்கு மாற்றி, கயிற்றை 40 செ.மீ. ஆக்கினேன். உருளை கடைசிவரை ஓடியது. திருகைத் தேய்த்தபோது பழுப்பு நிறப் பிசின் பிரஷ்ஷில் திரண்டு வந்தது. நட்டின் பற்கள் கூர்மையாகவே இருக்கின்றன. ரப்பர் கல்லாகத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். இனி நிரந்தரமாகக் கிரேன் செய்ய வேண்டும். பெட்டியில் துளை போடாமல் முடியுமா?

மரைக்கடை எழுதியது:

தாராளமாக முடியும். முன்பக்கக் கிரேன் பெட்டியின் முன் விளிம்புக்கு அடியில் பாதம் வைத்து நிற்பது. இயந்திரத்தின் சொந்த எடையே பாதத்தை அழுத்திப் பிடிக்கும்படி செய்துகொள்ளலாம். ஸ்டாண்டர்டின் உள்ளே வார்ப்பிரும்பு இருப்பதால் எடைக்குக் குறைவில்லை.

பாதத்துக்கு அகலமான எஃகுப் பட்டை எடுத்து, பெட்டியின் அடியில் ஆழமாகப் போகும்படி வெட்டுங்கள். மேல்புறம் ஃபெல்ட் துணி ஒட்டினால் மெருகு கெடாது. பெட்டியின் மூலைகளுக்கு அடியில் பட்டையின் தடிமனுக்கு ஈடாக மரத் துண்டுகள் வைத்து மட்டம் பாருங்கள். பெட்டி சாய்ந்தால் கை ஒரு பக்கமாக வழுக்கும், இத்தனை பாடும் வீணாகும். பட்டையின் முன்முனையில் குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைத்து, அதில் செங்குத்தாகக் கம்பி. கம்பி மேலே போய் வில்போல வளைந்து ஹார்னின் வளையத்துக்கு மேலே முடிய வேண்டும். கம்பியை வளைக்கும்போது அட்டையில் அதே வடிவத்தை வெட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டு வளைத்துக்கொள்ளுங்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்ச வேண்டாம். குளிர்ந்த நிலையில் உருளைக் கட்டையைச் சுற்றி வளைத்தால் சுருக்கம் விழாது. குழாய்த் துண்டில் ஒரு திருகு வைத்தால் உயரத்தையும் திசையையும் மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு நடுப்புள்ளியைத் துல்லியமாகப் பிடிக்க அது தேவைப்படும்.

மேலிருந்து மெல்லிய சுருள் ஸ்பிரிங், அதன் கீழே சங்கிலி, கடைசியில் கொக்கி. சங்கிலியையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து 40 செ.மீ. கிடைக்கும்படி கம்பியின் உயரத்தை முடிவு செய்யுங்கள். பழைய கிரேன்களில் பல இதைவிடக் குட்டையானவை, தோற்றத்துக்காக. உங்களுக்கு எது முக்கியம் என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் நட்டுதான் முக்கியம் என்பேன்.

சுழலுருளை எழுதியது:

ஸ்பிரிங்கின் வேலையைச் சற்று விளக்கிவிடுகிறேன். பாட்டு ஓடும்போது கை, தன்னைத் தாங்கும் நேர்விளிம்புப் பட்டையின் மேல் ஒரே உயரத்தில் போகிறது. உருளையின் மேடு பள்ளங்களை மிதக்கும் எடை பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங்கின் வேலை, உருளை மாற்றக் கையைத் தூக்கும் நேரத்தில் வருகிறது. அப்போது ஹார்னின் பின்முனையும் எழ வேண்டும். விறைப்பான சங்கிலியானால் ரப்பர் மடங்கி ரிப்ரொடியூசரின் கழுத்தை வளைக்கும். ஸ்பிரிங் இருந்தால் ஹார்ன் இசைந்து கொடுக்கும். மோட்டாரின் அதிர்வு கம்பி வழியாக ஹார்னுக்கு ஏறுவதையும் அது ஓரளவு தடுக்கும்.

ஸ்பிரிங் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை இப்படிப் பாருங்கள். ரப்பர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஹார்னை மட்டும் தொங்கவிடுங்கள். அதன் குறுகிய முனை ரிப்ரொடியூசரின் வாய்க்கு நேராக, தொட்டும் தொடாமலும் தானாக வந்து நிற்க வேண்டும். தாழ்ந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி குறையுங்கள், உயர்ந்தால் ஒரு கண்ணி கூட்டுங்கள். முனை தானாக நின்ற பிறகே ரப்பரை மாட்டுங்கள். ரப்பர் ஒலியைக் கடத்தட்டும். எடையை அது சுமக்கக் கூடாது.

வைகைக்கரை எழுதியது:

கிரேன் தயாராகிவிட்டது. அருகிலுள்ள பட்டறையில் கம்பியை நீங்கள் சொன்னபடியே குளிர்ந்த நிலையில் வளைத்துத் தந்தார்கள். கண்ணி கூட்டிக் குறைத்து, முனை வாய்க்கு நேராக நின்றதும் ரப்பரை மாட்டினேன். உருளைகள் எல்லாமே இறுதிவரை ஓடுகின்றன. குரல் முன்பைவிட நிறைவாக இருக்கிறது. ஒரே ஒரு குறை: உரத்த சுரங்களில் ஹார்னிலிருந்து கிர்ரென்று ஓர் ஒலி வருகிறது. முக்காலியில் தொங்கியபோது இது இல்லை.

மரைக்கடை எழுதியது:

கயிறு ஒலி எழுப்பாது, சங்கிலி எழுப்பும். முதலில் வளையத்தையும் கொக்கியையும் பாருங்கள். கொக்கி வளையத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய தோல் துண்டு ஒன்றைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒலி நின்றால் அத்தோடு முடிந்தது. நிற்கவில்லை என்றால் ஹார்னைக் கழற்றி, இதழ்கள் சேரும் விளிம்புகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டுங்கள். எங்கோ ஓரிடத்தில் பற்று விட்டிருக்கும்; அங்கே ஒலி செத்துக் கேட்கும். அந்த இடத்தில் மட்டும் ஈயம் வைக்கலாம். பெயிண்ட் கருகாமல் இருக்க, இரு பக்கமும் ஈரத் துணி போர்த்திவிட்டு, சூடான பெரிய இரும்பை ஒரு நொடி வைத்து எடுங்கள். எரிவாயுச் சுடர் வேண்டாம். வளையத்தின் அடிப் பற்றையும் அப்படியே சோதித்துவிடுங்கள். ஹார்னின் முழு எடையும் இப்போது அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.